கம்பெனியார் கை வைத்த வண்டி

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் புது ஃபிரிட்ஜைத் தடவிக்கொண்டிருக்கிறார் கம்பெனியார். உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பழைய பனியன் துணி. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றியவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “கைப்பிடிக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு. வண்டியில ஏத்துறப்ப எவனோ முழங்காலால முட்டுக் குடுத்திருக்கான்,” என்று கண்ணைத் திறக்காமலே தீர்ப்பு வருகிறது. அதுவரை யார் கண்ணுக்கும் தெரியாத அந்தப் பள்ளம் அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது.

வெறும் கை ஏமாந்துபோகும் என்பது அவர் கட்சி. துணி போட்டுத் தடவினால் தகரத்தின் வழவழப்பு விலகிக்கொண்டு மேடும் பள்ளமும் மட்டும் கைக்கு வரும். இதெல்லாம் படித்து வருகிற சமாச்சாரம் இல்லை. உள்ளங்கையில் காய்ப்பு ஏறி, நகக்கண்ணில் கருப்பு ஏறி, அதற்கப்புறம் வருவது. துணி எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். லிஃப்டில் ஏறினால் லிஃப்டின் சுவரைத் தடவுவார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் இரும்புக் கட்டிலைத் தடவுவார். மகள் விரும்பிய பையன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, வீட்டிலிருந்த மற்றவர்கள் அவன் குணத்தை விசாரித்துக்கொண்டிருக்க, இவர் வெளியே போய் அவன் காரைத் தடவிவிட்டு வந்து, “பையன் நிதானமானவன்தான். ரிவர்ஸ்லதான் கொஞ்சம் அவசரம்,” என்று சம்மதம் தந்தார். மருமகன் இன்றுவரை மாமனார் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வருகிறார்.

கம்பெனியார் என்றதும் பெரிய முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு இருப்பது ஒரு தகரக் கொட்டகை. முன்னால் ஷட்டர், பின்னால் தண்ணீர்த் தொட்டி, நடுவில் அடிபட்ட வண்டிகள். நசுங்கியதை நிமிர்த்தி, கிழிந்ததை ஒட்டவைத்து, மிச்சப் பள்ளத்தைப் பட்டி பூசி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற டிங்கர் வேலை. வேலை முடிந்ததும் வண்டிக்காரரை ஒரு சுற்று சுற்றிவரச் சொல்வார். அவர் சுற்றி முடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு, “கம்பெனியில இருந்து எறங்கினப்பகூட இப்படி இருந்திருக்காது,” என்பார். இதைச் சொல்லாமல் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. ஊர் கிண்டலாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஆரம்பத்திலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. கையில் ஒரு சுத்தியலும் மாற்றுச் சட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். தனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, லாரிக்கு அடியில் படுத்துத் தானாகவே தொழில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். “லாரிக்கு அடியில படுத்துத் தூங்கினாரு. அதத்தான் இப்படிச் சொல்றாரு,” என்பது அவர் வீட்டுக்காரம்மாவின் திருத்தம். அந்தத் திருத்தம் காதில் விழாதவர் போல அடுத்த பெருமைக்குத் தாவிவிடுவார். “படிச்சவனெல்லாம் எங்கயாவது இடிச்சுக்கிட்டுக் கடைசியில என்கிட்டதான் வர்றான்.” சொந்தக் காலில் நின்று மேலே வந்தவன் நாலு வார்த்தை கூடப் பேசினால் என்ன குறைந்துவிடும்? கொட்டகையின் ஒவ்வொரு தகரத்தையும் அவரே அடித்து ஏற்றியிருக்கிறார்.

அவரிடம் ஒரே ஒரு தொல்லை உண்டு. சொன்ன வேலையோடு நிறுத்தத் தெரியாது. உடைந்த பின்விளக்கை மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போன பல் டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்தபோது, இடது கதவு கழற்றப்பட்டு மேஜையில் படுத்திருந்தது. கதவில் கோணல் இருந்ததாம். டாக்டர் கோபப்பட்டார். இவரோ, பல்லைக் காட்ட வந்தவன் வாயில் சொத்தையைப் பார்த்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டார். டாக்டர் கதவை ஒருமுறை பார்த்தார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

இப்படிப்பட்ட மனிதரை ஒரே ஒரு ஆள்தான் வருடக்கணக்காகத் தோற்கடித்துக்கொண்டிருந்தான். நிவாரணச் சங்கத்து வெள்ளை வேனின் டிரைவர் அவன். மற்ற நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான். லீவு விட்டால் சங்கத்து வேனை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி, சண்டை நடக்கிற நாட்டுக்குப் போய்விடுவான். போகும்போது மருந்தும் ரொட்டியும் போர்வையும். வரும்போது அங்கே தனியாகச் சிக்கிக்கொண்ட கிழவர் கிழவிகள். சம்பளம் கிடையாது. ஏன் போகிறாய் என்று கேட்டால், “பஸ்ஸுல பசங்க சத்தம் தாங்கலண்ணே, அங்க போனா கொஞ்சம் அமைதியா இருக்கும்,” என்று சிரிக்காமல் சொல்வான்.

அந்த வேனின் பின்கதவு லேசில் சாத்தாது. முன்பு எப்போதோ பின்னால் வந்து ஒரு டிராக்டர் முட்டியதிலிருந்து பூட்டின் கொக்கி சரியாகக் கவ்வுவதில்லை. டிரைவர் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தான். சரக்கு ஏற்றி முடித்ததும் இரண்டு அடி பின்னால் போய், கதவின் கீழ்ப்பாகத்தில் ஓங்கி ஒரு உதை. டம். கதவு கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்கும் பல உதை. கொட்டகைக்கு வண்டி வரும்போதெல்லாம் அந்த இடத்தில் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கம்பெனியார் அவனுக்கு உதைக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்.

கோளாறு கொக்கியில் இல்லை, சாத்துகிறவன் கையில்தான் என்று கம்பெனியார் எத்தனையோ முறை பாடம் எடுத்திருக்கிறார். கைப்பிடியை இத்தனூண்டு தூக்க வேண்டும், தூக்கியபடியே இடுப்பைக் கொடுத்து மெதுவாக அமுக்க வேண்டும், பூப்போல மூடிக்கொள்ளும். செய்தும் காட்டுவார். கதவு பூப்போலத்தான் மூடும். உதைக்காரன் கைதட்டுவான். “உங்க கொட்டகையில சாத்துதுண்ணே. அங்க சாத்தாது.”

“எங்கயும் சாத்தும்டா. கையில நிதானம் வேணும்.”

“அங்க வந்து ஒருவாட்டி சாத்திக் காட்டுங்க. நான் உங்க கால்ல விழுறேன்.”

“முதல்ல அந்தக் காலக் கதவுல இருந்து எடு.”

அவர் பள்ளத்தை நிமிர்த்தி அனுப்புவார். ஷட்டரைத் தாண்டியதுமே வெளியில் டம் என்று சத்தம் கேட்கும். வேண்டுமென்றே உதைக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அவனோடு கூடவே போகிறவர் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாதவர். வண்டி வேலை முடியும் வரை கொட்டகையில் ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மருந்துப் பெட்டிகளைச் சரிபார்த்தபடி எல்லோரையும் அதட்டுவார். கம்பெனியாரின் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். ஒருநாள் இரும்புத் தூள் தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டது. நர்ஸம்மா அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பஞ்சு நுனியால் அதை எடுத்தார். எடுத்த துகளை அவர் உள்ளங்கையிலேயே வைத்து, “கண்ணாடிய நெத்திக்கு மாட்டியிருக்கீங்களே கம்பெனியாரே, நெத்திக்கு என்ன பார்வையா இருக்கு?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை கண்ணாடி கண்ணுக்கு இறங்கியிருந்தது. அடுத்த நாள் பழையபடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

போன முறை போனவர்கள் திரும்பவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு தெருவில், நடக்க முடியாத நாலு முதியவர்களை மாடியிலிருந்து போர்வையில் தூக்கி இறக்கி, வண்டியின் தரையில் வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார்கள். பின்கதவைச் சாத்திவிட்டு இருவரும் முன்பக்கம் திரும்பும்போது தெருவிலேயே ஒன்று விழுந்தது. உள்ளே தாழப் படுத்திருந்த நாலு பேரும் பிழைத்தார்கள். வெளியில் நின்ற இருவரும் பிழைக்கவில்லை. செய்தி வந்த அன்று கம்பெனியார் ஷட்டரை இறக்கவில்லை, வேலையும் செய்யவில்லை. கவிழ்த்த பெயிண்ட் டின்னைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுவந்த வீட்டுக்காரம்மா அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டார்.

சில வாரம் கழித்து வேன் ஒரு லாரியின் முதுகில் ஊர் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சல்லடை. சங்கத்து முற்றத்தில் இருவருக்கும் அஞ்சலிக் கூட்டம் வைத்து, அந்த வண்டியை அங்கேயே நினைவாக நிறுத்திவைப்பது என்று முடிவு. சங்கத்துச் செயலாளர் இஸ்திரி கலையாத சட்டையோடு கொட்டகைக்கு வந்தார். சக்கரம் உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். பாடியில் விரல்கூடப் படக் கூடாது, ஒவ்வொரு ஓட்டையும் அப்படியே இருக்க வேண்டும், ஜனங்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கம்பெனியார் இரண்டு முறையும் சரி என்றார். சரி சொன்னது வாய். கை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

செயலாளர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணியை எடுத்து, வண்டியைத் தடவ ஆரம்பித்தார். துணி ஓட்டைகளில் மாட்டிக் கிழிந்தது. புதுத் துணி எடுத்தார். அதுவும் கிழிந்தது. அப்புறம் கேஸ் சிலிண்டரைத் திறந்து வெல்டிங் குழாயைப் பற்றவைத்தார்.

வீட்டுக்காரம்மா சாப்பாட்டோடு வந்து பார்த்தபோது பாதிப் பக்கம் ஒட்டுப் போட்டாகிவிட்டது. அந்தம்மாவை அதிரவைத்தது அது இல்லை. அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்.

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்களே.”

“அவங்க சொன்னது அவங்க மரியாதை. இது என் மரியாதை.”

அதற்கு மேல் நடந்த வாக்குவாதத்தில் அவர் கட்சி இதுதான். அந்த இரண்டு பேரும் இந்தக் கொட்டகையிலிருந்து போனபோதெல்லாம் பளபளவென்றுதான் போனார்கள். இப்போது ஊரே கூடுகிற இடத்தில் அவர்கள் வண்டியைக் கந்தலாக நிறுத்துவதா? செத்தவர்கள் படத்தை யாராவது கிழித்து மாட்டுவார்களா? குண்டு போட்டவன் கைவேலையைக் காட்சிக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்? அவன் செய்ததைத் தன்னால் இல்லாமல் ஆக்க முடியாது, இந்தத் தகரத்தில் மட்டுமாவது முடியும். வீட்டுக்காரம்மா சாப்பாட்டை ஓரமாக வைத்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்பக்கத்துத் தகட்டில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. ஒருமுறை உள்ளே ஏறினார். நர்ஸம்மா உட்காரும் பலகையைப் பார்த்தார். இறங்கிவிட்டார். ஏன் என்று வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, “உள்ள யாரு பாக்கப் போறா,” என்றார். கேட்காத வேலையெல்லாம் செய்கிற மனுஷன் பாதியில் விட்ட ஒரே வேலை அது. பின்கதவுப் பள்ளத்தை விட்டாரா? விடவில்லை. பழைய எதிரியை எப்படி விடுவார்? உள்ளே இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, வரி வரியாக எழுப்பி, பட்டியே பூசத் தேவையில்லாமல் சமன் செய்தார். தன் ஆயுளில் செய்த சுத்தமான வேலை அதுதான் என்று அவருக்கே தோன்றியது. இந்த முறை யாரும் வெளியில் போய் உதைக்கப்போவதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் செயலாளர் வந்தார். கம்பெனியார் வழக்கம்போல ஒரு சுற்று சுற்றிவரச் சொன்னார். செயலாளர் பாதிச் சுற்றில் நின்றுவிட்டார்.

“ஓட்டையெல்லாம் எங்கய்யா?”

“கண்டுபிடிங்க பாப்போம் சார்.” அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். “கம்பெனியில இருந்து எறங்கினப்பகூட…”

வாக்கியம் முடியவில்லை. செயலாளர் கவிழ்த்த பெயிண்ட் டின்னில் உட்காரப் போனார். கம்பெனியார் அவசரமாக வேறு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். செயலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு அந்த முதியவர்களில் ஒருவரே வருகிறார், அந்த நாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இதைப் பார்த்தால் இங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறதே, யார் நம்புவார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

“திரும்பப் போட முடியுமா?”

“என்னத்த சார்?”

“ஓட்டைதான். ட்ரில் இருக்குல்ல?”

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கம்பெனியார் பார்த்ததில்லை. மெதுவாகத்தான் பதில் சொன்னார். “ட்ரில் போட்டா ட்ரில் போட்ட ஓட்டையாத்தான் இருக்கும் சார். அடைச்சது தப்புன்னா என்னைத் திட்டுங்க. பொய் ஓட்டை போட்டு அவங்க ரெண்டு பேரையும் நாடகக்காரங்களா ஆக்க என்னால ஆகாது.” மூலையில் நின்ற வீட்டுக்காரம்மா, அடைக்காதே என்றால் அடைப்பார், போடு என்றால் போடமாட்டார், இந்த லட்சணத்தில்தான் தனக்கு இத்தனை வருடமும் ஓடியது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். செயலாளர் சிரிக்க நினைத்து, முடியாமல் எழுந்து போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் உதைக்காரனின் மனைவி வந்தார். தபால் ஆபீசில் வேலை. ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வண்டிக்குப் பின்னால் போனார். குனிந்தார். கதவின் கீழ்ப்பாகத்தில் கையை வைத்துத் தேடினார்.

“இங்க ஒண்ணு இருந்துச்சே அண்ணே.”

“இருந்துச்சு,” என்றார் கம்பெனியார். அவருக்கு அப்போதும் புரியவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார். “இதப் போட்டுத் தடவிப் பாரும்மா. என் கைக்கே அகப்படல.”

அந்தப் பெண் துணியை வாங்கிக்கொள்ளவில்லை. வெறும் கையால் இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். அவர்கள் இருப்பது மாடி வீடு. கிளம்பும்போது அவன் சொல்லிக்கொள்வது இல்லை, சொன்னால் குழந்தை அழும். கீழே தெருவில் டம் என்று கேட்கும். அந்தச் சத்தம்தான் அவன் போய்வருகிறேன் என்று சொல்வது. இதை அவர் அழாமல், ஏதோ முகவரி சொல்வது போலச் சொன்னார். பிறகு, “ஓட்டையெல்லாம் நீங்க அடைச்சதுல எனக்கு வருத்தமில்லண்ணே. அது எவனோ போட்டது. இது அவரு போட்டது. கடைசியா அவரு செஞ்சது இந்தக் கதவச் சாத்தினதுதான்னு சொன்னாங்க. அப்போ உதைச்சிருப்பாரு,” என்றார்.

  கம்பெனியார் மேஜைக்குப் போய்ப் பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். கதவின் முன்னால் ஓங்கவும் ஓங்கினார். அந்தப் பெண் அவர் மணிக்கட்டைத் தொட்டார். “சுத்தியால வேணாண்ணே. நீங்கதான் சொன்னீங்களாமே, பொய்யாப் போடக் கூடாதுன்னு. வர்ற வழியில செயலாளரு சொன்னாரு.”

தன் பேச்சே தன்னைத் திருப்பி அடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. துணியைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார், திரும்ப எடுத்துப் பையில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாஷிங் மெஷின் வாங்கியிருப்பதாகச் சொன்னபோதுகூட எழுந்து போகவில்லை. அந்தத் தெருவுக்கே அது கவலைப்பட வேண்டிய செய்தியாகிவிட்டது.

காலையில் வண்டிக்குள் பெருக்கப்போன வீட்டுக்காரம்மாதான் வழி கண்டுபிடித்தார். வாரியலோடு பின்கதவில் நின்று கூப்பிட்டார். “ஏங்க, வெளியதான அடைச்சீங்க. உள்ள வந்து பாருங்க, எல்லாம் அப்படியேதான் கெடக்குது.” உள்பக்கத்துத் தகட்டில் வரிசையாகக் கிழிசல். எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே. கீழே, நாலு பேர் படுத்திருந்த இடத்தை ஒட்டி, ஒரு கீறல்கூட இல்லை. செயலாளருக்கு ஆள் போனது. அவர் வந்து, தலையை உள்ளே நீட்டி, வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து வெள்ளை பெயிண்டையும் ஒரு முறை பார்த்தார். போனபோது இருந்த மாதிரி வெளியே, வந்தபோது இருந்த மாதிரி உள்ளே, பின்கதவைத் திறந்துவைப்போம், ஜனங்கள் வரிசையாக வந்து பார்க்கட்டும் என்றார். அதற்குப் பிறகு கம்பெனியாரைப் பார்த்து, கூட்டம் முடிந்ததும் கதவை நீங்களே சாத்துங்கள் என்றார். மன்னித்துவிட்டார் என்பதை அவரால் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

சங்கத்து முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மழைத் தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சரிவாக வைத்துக் கட்டிய முற்றம். வேன் அங்கே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நீளமாகப் பேசியவர்கள் நீளமாகப் பேசினார்கள். செயலாளர் சுருக்கமாகப் பேசினார். நர்ஸம்மா ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டுக் கதவில் மருந்துப் பை மாட்டியபடியே இருக்கும் என்றார். டிரைவரைப் போகச் சொல்லி யாரும் எந்நாளும் சொன்னதில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான் என்றார். பிழைத்த நால்வரில் ஒரு பாட்டியம்மா சக்கர நாற்காலியில் வந்திருந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, தரையில் தான் படுத்திருந்த இடத்தைக் கையால் தொட்டுவிட்டு, அந்த நர்ஸம்மா கதவில் இடிபடாமல் என் கையை உள்ளே மடக்கிவைத்துவிட்டுத்தான் இறங்கினார் என்று சொன்னார். உதைக்காரன் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் வரிசையில் சத்தமில்லாமல் போனார்கள். அவன் இருந்திருந்தால் அந்த அமைதியை நம்பியிருக்க மாட்டான்.

எல்லோரும் பார்த்து முடித்ததும் கம்பெனியார் எழுந்தார். முற்றம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் கைப்பிடியை இத்தனூண்டு தூக்கினார். தூக்கியபடியே இடுப்பைக் கொடுத்து மெதுவாக அமுக்கினார். கதவு பூப்போல வந்து, கொக்கியைத் தொட்டு, பூப்போலத் திரும்பிப் போய்விட்டது.

மறுபடி தூக்கினார், அமுக்கினார். மறுபடியும் அதே கதை. யாரோ இருமினார்கள். வீட்டுக்காரம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கதவு அவர் கையை விட்டு, நிதானமாக, முழுதாகத் திறந்துகொண்டது. கம்பெனியார் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். அந்தச் சரிவில் வண்டியின் முதுகு லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதவை இத்தனை வருடத்தில் அவர் தன் கொட்டகையின் சமதரையில் தவிர வேறெங்கும் சாத்திப் பார்த்ததே இல்லை. அங்கே சாத்தாது என்று அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. குழியும் மேடுமான தெருவில், வண்டி நிறையக் கிழவர்களை வைத்துக்கொண்டு, குண்டுச் சத்தத்துக்கு நடுவில், கையில் நிதானம் வேணும்டா.

திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். உதைக்காரனின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதைங்கண்ணே,” என்றார் மெதுவாக. “அப்பதான் சாத்தும்.”

கம்பெனியார் இரண்டு அடி பின்னால் போனார். தான் அடித்த வெள்ளை பெயிண்ட்டில், தன் ஆயுளின் சுத்தமான வேலையில், ஓங்கி ஒரு உதை விட்டார்.

டம்.

கதவு கவ்விக்கொண்டது. சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. முன்வரிசையில் அந்தப் பெண் தலையைச் சாய்த்து, மாடியிலிருந்து கேட்பவரைப் போல அது முழுவதும் அடங்கும்வரை கேட்டார்.

கம்பெனியாரின் கை பழக்கத்தில் பைக்குள் போய்த் துணியை எடுத்தது. துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதைத்த இடத்தை ஒரு முறை தடவினார். தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். கண்ணைத் திறந்தார். பள்ளத்தின் நடுவில், வெள்ளையில், செருப்பின் புழுதித் தடம் பளிச்சென்று தெரிந்தது. அதைத் துடைக்காமல் துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.